இடிக்கும் பலகை

“காணாமப் போனதை நீங்க தேட வேண்டாம்,” என்றார் செல்வராஜ். “அந்த இன்டீரியர் டிசைனர் இந்த லெட்டர்ல ஒரு கையெழுத்து போடணும். அதை வாங்கிக் கொடுங்க, போதும்.”

சகுந்தலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்திரண்டு வருடம் கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் அதிகாரியாக இருந்தவர். மேலதிகாரி மூடச் சொன்ன ஒரு கன்டெய்னரைத் திறந்தே தீருவேன் என்று நின்று, திறந்து காட்டிவிட்டு வேலையை விட்டவர். அதே கிடர்பூரில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டு ஆறு வருடம் ஆகிறது. தேட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

“நல்ல கேஸுக்கா,” என்றான் பிரிட்டோ. “ஒரு பேனா எடுத்துக்கிட்டுக் கிளம்பிரலாம்.”

பிரிட்டோ அவருடைய உதவியாளன். தூத்துக்குடிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது கிடர்பூர். தமிழில் கிண்டல் செய்வான், பெங்காலியில் சண்டை போடுவான், இரண்டுக்கும் சம்பளம் ஒன்றுதான்.

“முழுசாச் சொல்லுங்க,” என்றார் சகுந்தலா.

செல்வராஜுக்கு ஹவுராவில் ஒரு லேத் பட்டறை. குடியிருப்பது பாலிகஞ்சில், தங்கை அமலாவின் ஃப்ளாட்டில். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா அந்த வீட்டை மகள் பெயருக்கே எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விபத்து. அன்றிலிருந்து அமலா சக்கர நாற்காலியில்.

“எல்லாத்தையும் நான்தான் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில இருந்தப்பவே அவளுக்காகக் கையெழுத்து போடற பவரை எனக்கு எழுதிக் கொடுத்துட்டா. திடீர்னு ஒரு நாள், சேர் போற மாதிரி வீட்டை மாத்தணும்னு பிடிவாதம். சரின்னு விட்டேன். அனுராதான்னு ஒரு தமிழ்ப் பொண்ணு மூணு மாசம் வேலை செஞ்சா. முடிச்சுட்டுப் போனப்புறம் பார்த்தா, பீரோவில இருந்த வீட்டுப் பத்திரம் இல்லை.”

“போலீஸ்?”

“அவளோட தச்சனை ரெண்டு தடவை தானாவுக்கு, அதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, கூப்பிட்டு விசாரிச்சாங்க. ஒண்ணும் தேறலை. வேலை நடந்தப்ப பத்திரம் தொலைஞ்சதுன்னு அவ எழுதிக் கொடுத்தா, அதை வெச்சு நான் நகல் வாங்கிக்குவேன். போட மாட்டேன்னு நிக்கிறா. நாளைக்கு வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள வேணும்.”

“வெள்ளிக்கிழமை என்ன?”

“அது என் சொந்த விஷயம்.”

அவர் படியிறங்கிப் போன பிறகு பிரிட்டோ கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். “இவரோட பர்ஸ் தொலைஞ்சா, பர்ஸைத் தேட மாட்டாரு. ‘உங்க பர்ஸ் தொலைஞ்சது உண்மை’ன்னு சர்ட்டிபிகேட் கேப்பாரு.”

“பத்திரம் வேணும்னு அவர் கேக்கல, பிரிட்டோ. பத்திரம் இல்லாம வேலையை முடிக்க வழி கேக்கறார். அவசரம்.” சகுந்தலா கைப்பையை எடுத்தார். “வா. கையெழுத்து போடாத பொண்ணை முதல்ல பார்ப்போம்.”

*

ஃபெர்ரியில் ஆற்றைக் கடந்து அவர்கள் ஹவுராவை அடைந்தபோது மணி பன்னிரண்டு. துர்கா பூஜைக்கு இன்னும் பத்து நாள். தெருவெல்லாம் பந்தலுக்கு மூங்கில் கட்டியிருந்தார்கள். பூஜைக்குள் வீடு பளபளக்க வேண்டும் என்று ஊரே அடம்பிடிக்கும் காலம். அனுராதாவின் கையில் ஐந்து வீடுகளாவது இருந்திருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

அந்த ஒன்றின் சமையலறையில் ஏணிமேல் நின்று, மேலே ஒரு அலமாரிக் கதவின் இடைவெளியை விரலால் அளந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது. கொண்டையில் பென்சில். கீழே தரையில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவர் தச்சர் நிதாய். தலை நரைத்த பெங்காலி.

“செல்வராஜ் அனுப்பினாரா?” ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டாள். “லெட்டரைக் கொண்டு வந்திருந்தா அந்த ஜன்னல் கிட்ட வெச்சுடுங்க. கண்ணாடி துடைக்கப் பேப்பர் தீர்ந்து போச்சு.”

பிரிட்டோவுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

“ரெண்டு வேலை கைய விட்டுப் போயிருக்குன்னு கேள்விப்பட்டேன்,” என்றார் சகுந்தலா.

“மூணு. நாலு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புல என் போட்டோவைப் போட்டு ‘இவளை வீட்டுக்குள்ள விடாதீங்க’ன்னு எழுதியிருக்கார். எங்கப்பா டிஃபென்ஸ்ல மாத்தலாகி இந்த ஊருக்கு வந்தப்ப எனக்கு நாலு வயசு. இங்கேதான் படிச்சேன், இங்கேதான் தொழில் பண்றேன். ஒரு போட்டோ போட்டா ஓடிடுவேன்னு நினைச்சுட்டார்.”

“ஒரு கையெழுத்து போட்டா எல்லாம் நின்னுடும்.”

“தெரியும்.”

“நிதாயையும் விட்டுடுவாங்க.”

தரையிலிருந்து நிதாய் தலையைத் தூக்கினார். தமிழ் புரியாவிட்டாலும் தன் பெயர் புரிந்தது. “ஹோபே நா, தீதி,” என்றார் அனுராதாவைப் பார்த்து. ‘நடக்காது, அக்கா’ என்று அர்த்தம். பிறகு மறுபடி படுத்துக்கொண்டார்.

“பார்த்தீங்களா? அவரே வேண்டாங்கிறார்.” அனுராதா இறங்கி வந்தாள். “உண்மையையும் சொல்ல மாட்டேன், பொய்யிலயும் கையெழுத்து போட மாட்டேன். போதுமா?”

சகுந்தலா புன்னகைத்தார். “அப்ப, சொல்றதுக்கு ஒரு உண்மை இருக்கு.”

அனுராதாவின் முகம் ஒரு கணம் வெளுத்து, பிறகு முன்னைவிட இறுகியது. “இருந்தா இருக்கட்டும். என்னைத் தானாவுல உட்கார வெச்சுக் கேட்டாலும் இதே பதில்தான்.”

சகுந்தலா மேலே கேட்கவில்லை. குனிந்து நிதாயின் வேலையைப் பார்த்தார். சமையல் மேடைக்குக் கீழே உள்ள அலமாரிகளின் கால்களை மறைத்து, தரையை ஒட்டி, நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு நீளப் பலகையைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

“இது எதுக்கு?”

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அனுராதாவின் குரல் தானாகவே இளகியது. “அடிப்பலகை. இது இல்லேன்னா அடியில தூசியும் கரப்பானும் குடியிருக்கும். எல்லா வீட்டுக்கும் போடுவோம்.”

“அமலா வீட்டுக்கும்?”

“அங்கே கூடாது. சேர்ல கால் வைக்கிற தட்டு அலமாரிக்கு அடியில போகணும். அப்பதான் அவங்களால கிட்டப் போய் எதையும் எடுக்க முடியும். பலகை இருந்தா இடிக்கும். அந்த வீடு முழுக்க ஒரு இடத்துல கூட...” அவள் பேச்சு அறுந்தது. கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். “எனக்கு வேலை இருக்கு மேடம்.”

வெளியே வந்ததும் பிரிட்டோ கேட்டான்: “இப்ப அந்தப் பொண்ணு எதுக்குக்கா பாதியில நிறுத்திச்சு?”

“அவளுக்குப் பொய் சொல்லத் தெரியல. நிறுத்தத்தான் தெரியுது.” சகுந்தலா நடையை எட்டிப் போட்டார். “பாலிகஞ்ச்.”

*

மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது. ஆனால் தெருவிலிருந்து லிஃப்டுக்கு வர, கட்டடத்தின் வாசலில் இரண்டு உயரமான படிகள். சகுந்தலா அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேலே போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிரிட்டோ விசிலடிக்கப் போய் அடக்கிக்கொண்டான். அப்படி ஒரு வீடு. கதவுகள் அகலம், எந்த அறைக்கும் நிலைப்படி கிடையாது. சுவிட்சுகள் இடுப்பு உயரத்தில். சமையல் மேடை தாழ்ந்து, அதன் அடியில் முழங்கால் நுழைய இடம். துணி மாட்டும் கம்பி கை நீட்டினால் எட்டியது. நிற்கிறவர்களுக்குக் கொஞ்சம் அசௌகரியம், உட்கார்ந்திருப்பவளுக்கு ராஜ்ஜியம்.

ராணி ஜன்னலோரம் லேப்டாப்போடு இருந்தாள். அமலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பிளஸ் டூ மாணவர்களுக்கு ஆன்லைனில் இயற்பியல் சொல்லித் தருகிறாள். நிமிர்ந்து வணக்கம் சொல்ல வாயெடுத்தாள்.

“அவளைக் கேக்காதீங்க,” என்றார், அன்று பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே காத்திருந்த செல்வராஜ். “அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கையெழுத்து வாங்கியாச்சா?”

“அதுக்கு முன்னாடி வீட்டை ஒரு தடவை பார்க்கணும்.”

“பார்த்து என்ன ஆகப் போகுது? பரண்லேருந்து பால்கனி வரைக்கும் நான் தேடிட்டேன்.”

பால்கனி என்றதும் பிரிட்டோ அங்கே போய், கிடந்த நீள பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான். “என்ன சார் இது? உப்புத்தாள் ஒட்டின பெஞ்சு! விருந்தாளி எந்திரிக்கும்போது பேன்ட்டு இங்கேயே தங்கிரும் போலிருக்கே.”

“அந்த டிசைனரோட வேலைதான். ஏழடி நீளத்துக்கு ரெண்டு பலகை. யார் உட்காரப் போறா இதுல?”

சகுந்தலா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அமலாவைப் பார்த்தார். அமலா லேப்டாப்பைப் பார்த்தாள்.

“பிரிட்டோ, சாரோட அந்த லெட்டரைப் படிச்சுப் பாரு. ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் போலீஸ்ல திருப்பிடுவாங்க.”

பிரிட்டோவுக்கு அவர் குரலின் ஏற்ற இறக்கம் எல்லாம் அத்துபடி. “வாங்க சார், இப்படி வெளிச்சத்துக்கு வாங்க,” என்று செல்வராஜைத் தோளில் கைபோட்டுப் பால்கனிக்குக் கூட்டிப் போய் கண்ணாடிக் கதவையும் சாத்தினான்.

சகுந்தலா அறை அறையாகப் போனார். எதையும் திறக்கவில்லை. ஒவ்வொரு அலமாரியின் அடியிலும் மட்டும் குனிந்து பார்த்தார். சமையலறையில் அடிப்பலகை இல்லை. ஹாலில் புத்தக அலமாரியில் இல்லை. குளியலறையில் இல்லை. எங்கும் சக்கர நாற்காலியின் கால்தட்டு நுழைய இடம் விட்டிருந்தது.

கடைசியாக அமலாவின் படுக்கையறை. சுவரை அடைத்த துணி அலமாரி, நான்கு கதவுகள். மூன்று கதவுகளுக்குக் கீழே காலியிடம். நான்காவதுக்குக் கீழே, தரையை ஒட்டி, ஒரு பலகை.

கப்பல் சோதனையில் அவர் கற்றது ஒன்றுதான். ஒளித்து வைத்த பொருளைத் தேடக் கூடாது. கப்பலுக்குத் தேவையில்லாத ஒரு தகடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மண்டியிட்டார். வெள்ளைப் பலகையின் நட்டநடுவில், ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில், கறுப்பாக ரப்பர் தடம். தெரியாமல் இடித்திருந்தால் நாலு இடத்தில் இருக்கும். இது ஒரே இடத்தில், பல தடவை.

பின்னால் சக்கரம் உருளும் மெல்லிய சத்தம். திரும்பினார். அமலா வாசலில் இருந்தாள்.

“கையால திறக்காதீங்க,” என்றாள் அமலா. “கையை வெச்சா அழுத்தம் சரியா விழாது. என் சேருக்குத்தான் திறக்கும்.”

உருண்டு வந்தாள். கால்தட்டின் ரப்பர் முனை பலகையின் நடுவில் இடித்தது. ‘டக்’கென்று ஒரு சத்தம், பலகை ஒரு விரல் அளவு முன்னால் வந்தது. அழுத்தினால் திறக்கும் இழுப்பறை. அண்ணன் எத்தனை தடவை இதன் முன் நின்றிருப்பார்! குனிந்தாலும் அவருக்கு அது வெறும் பலகைதான்.

“அவருக்கு உங்க மேல சந்தேகமே வரல,” என்றார் சகுந்தலா.

“எப்படி வரும்? சேர்ல இருக்கிறவளால பீரோவோட மேல்தட்டு எட்டாதுன்னு நினைச்சார். தச்சர் நிதாய்தாகிட்ட கேட்டேன், எடுத்துக் கொடுத்தார். என் வீடு, என் பத்திரம்.”

சகுந்தலா இழுப்பறையை இழுத்தார். பத்திரத்தை எதிர்பார்த்தார். உள்ளே இருந்தது வேறு. இரண்டே தாள்கள், ரெஜிஸ்ட்ரி ஆபீஸ் முத்திரையோடு. தேதி நேற்றையது. படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அண்ணனுக்குக் கொடுத்த பவரை ரத்து பண்ணிட்டீங்க.”

“நீங்க ஒரு நாள் லேட், மேடம்.” அமலாவின் குரல் நடுங்கியது, பார்வை நடுங்கவில்லை. “பத்திரம் ஒன்பது நாள் இதுக்குள்ள இருந்தது. இப்ப வக்கீல்கிட்ட. நாளைக்கு இந்த வீட்டை அண்ணன் ஒரு ப்ரொமோட்டருக்கு எழுதிக் கொடுக்கிறதா இருக்கார். எனக்கு ஊருக்கு வெளியில ஒரு ஹோம்ல கட்டில் பார்த்தாச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஃபோன்ல பேசினதை ஒட்டுக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“அனுராதாவுக்கு இது தெரியும்.”

“எல்லாம் தெரியும். முதல் நாளே என்கிட்ட கேட்டா, ‘எந்த இடத்துக்கு அக்கா உங்களால போக முடியல?’ன்னு. எல்லாரும் பாத்ரூம்னு சொல்வாங்களாம். நான் ரெஜிஸ்ட்ரி ஆபீஸ்னு சொன்னேன்.” அமலா ஒரு நொடி சிரித்தாள். “அதுக்குத்தான் இந்த வீட்டையே கட்டினா. அவ கையெழுத்து போட்டிருந்தா அண்ணன் போன வாரமே நகல் வாங்கி வித்திருப்பார். நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு கேட்டுக்கிட்டேன். மூணு வேலை போயும் திறக்கல.”

“இப்ப சொல்லலாமே?”

“வக்கீல் ப்ரொமோட்டர் ஆபீஸுக்குப் போயிருக்கார், இந்த ரத்து நோட்டீஸை நேர்ல கொடுக்க. வாங்கிக்கிட்டதுக்கு அவங்க முத்திரை போட்டதும் எனக்கு மெசேஜ் வரும். அதுக்கு முன்னாடி அண்ணனுக்குத் தெரிஞ்சா, இன்னிக்கே ஓடிப் போய்ப் பழைய பவரைக் காட்டி, பத்திரம் இல்லாமலே ஒரு அக்ரிமென்ட்டாவது போட்டு அட்வான்ஸ் வாங்கிடுவார். அப்புறம் நான் பத்து வருஷம் கோர்ட்டுல அலையணும்.” கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். “பத்து நிமிஷம், மேடம். நீங்க அவரோட ஆள்தான். தெரியும். இருந்தாலும் கேக்கறேன்.”

பால்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “எவ்வளவு நேரம்?” என்று செல்வராஜ் உரக்கக் கேட்டார்.

சகுந்தலா இழுப்பறையை முழங்காலால் தள்ளினார். ‘டக்’. பலகை பழையபடி பலகையானது. அங்கேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“பிரிட்டோ!” என்று கத்தினார். “லெட்டர்ல அவரோட அப்பா பேரு இல்லையே. திரும்ப எழுதச் சொல்லு. முழுசா. கையால.”

“அதைத்தான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்க்கா!” பிரிட்டோவின் குரல் மணியாக வந்தது. “சார், உட்காருங்க சார். அந்த பெஞ்சுல வேண்டாம். மார்ஜின் விட்டு எழுதுங்க. உங்க இங்கிலீஷ் ‘ஜி’ என்ன சார் இப்படித் தள்ளாடுது? போலீஸ்ல குடிச்சுட்டு எழுதினதுன்னு நினைச்சுக்குவாங்க...”

ஐந்து நிமிடம். எட்டு. அமலா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது நிமிடம் அமலாவின் கையில் ஃபோன் அதிர்ந்தது. படித்தாள். கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, இரண்டு வருடமாக இந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில் கூப்பிட்டாள்.

“அண்ணே! இங்க வா.”

செல்வராஜ் வந்தார். கையில் பாதி எழுதிய கடிதம். தரையில் துப்பறிபவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குழம்பினார். அமலா பலகையை இடித்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

“இது உனக்கு நோட்டீஸ். நான் கொடுத்த பவர் செல்லாது. ப்ரொமோட்டருக்கும் போயாச்சு. வாங்கிக்கிட்டாங்க.”

அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். “ரெஜிஸ்ட்ரி ஆபீஸா? நீயா? வாசல்ல ரெண்டு படி இருக்கே. எவன் உன்னைத் தூக்கினான்?”

“யாரும் தூக்கல.”

பிரிட்டோ பால்கனியிலிருந்து அந்த பெஞ்சின் மேல்பலகை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். “கழண்டு வருதுக்கா. படிமேல சாய்ச்சா சறுக்காது, அதுக்குத்தான் இந்தச் சொரசொரப்பு. இது பெஞ்சு இல்ல, ரோடு.”

“நீ காலையில பட்டறைக்குப் போனா சாயங்காலம்தான் வருவே,” என்றாள் அமலா. “மூணு தடவை போயிட்டு வந்தேன். நிதாய்தா பின்னாடி பிடிச்சுக்கிட்டார்.”

செல்வராஜின் முகம் சிவந்தது. “உன்னைப் பார்த்துக்கிட்டவன்டி நான்! ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா...”

“ஆறு மாசம் பார்த்துக்கிட்டே. நிஜம். நான் மறக்கல.” அமலாவின் கண்கள் கலங்கின, அவற்றைத் துடைத்துக்கொள்ள அவள் கையை எடுக்கவில்லை. “அதுக்கப்புறம் என்னைப் பார்க்க யாரும் வராம பார்த்துக்கிட்டே. இந்த மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பார்த்துக்கோ.”

செல்வராஜ் சகுந்தலா பக்கம் திரும்பினார். “உங்களைக் கூப்பிட்டவன் நான். என் வீட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு எனக்கே...”

“அவங்க வீடு,” என்று திருத்தினார் சகுந்தலா, எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே. “தேட வேண்டாம்னு சொன்னீங்க. தேடிட்டேன். என் மேல புகார் கொடுக்கறதுன்னா தாராளமாக் கொடுங்க. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கொடுத்திருக்காங்க.”

செல்வராஜ் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு வெளியேறினார். வெளிக்கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் கேட்டது. அமலா ஃபோனில் அனுராதாவைக் கூப்பிட்டாள். “முடிஞ்சது. இனிமே யார் கேட்டாலும் சொல்லு.” மறுமுனையிலிருந்து அழுகையும் சிரிப்புமாக ஏதோ வந்தது, அதைத் தாண்டி நிதாயின் உரத்த பெங்காலி.

“நிதாய்தாவை ரெண்டு தடவை உட்கார வெச்சாங்க இல்ல, அந்தத் தானா பக்கத்துத் தெருதான்,” என்றாள் அமலா, ஃபோனை வைத்துவிட்டு. “பத்திரத்தை எடுத்தது நான்னு எழுதிக் கொடுத்துட்டு வரேன். அவங்களை இங்கே வரச் சொல்லலாம்தான். வேண்டாம். நான் போறேன்.”

“டாக்ஸி கூப்பிடட்டுமா தீதி?” என்றான் பிரிட்டோ.

“எதுக்கு?”

இரண்டு பலகைகளையும் பிரிட்டோ வாசற்படியில் சாய்த்தான். சகுந்தலா பின்னால் பிடித்துக்கொள்ள, அமலா இறங்கினாள். எதிர்வீட்டு ஜன்னல்களில் முகங்கள் தோன்றின. நடைபாதையைப் பந்தல் மூங்கில்கள் அடைத்துக்கொண்டிருந்தன. அவள் நாற்காலியை நடுத்தெருவுக்குத் திருப்பினாள்.

பின்னால் ஒரு மஞ்சள் டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. மறுபடி, நீளமாக அடித்தது. பிரிட்டோ அதற்குப் பெங்காலியில் பதில் சொல்லத் தொடங்கினான். அமலா திரும்பிப் பார்க்கவில்லை, ஒதுங்கவுமில்லை. இரண்டு கைகளாலும் சக்கரங்களை அழுத்தித் தள்ளிக்கொண்டு, தெருவின் மையத்திலேயே போனாள்.